அண்ணன் மூச்சு விடும் இடங்கள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி யாரோ மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஐந்து மாதமாகச் சமையலறை அலமாரியில் உளுந்து டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்று என் கணவர் இளங்கோவன் அதை எடுத்துத் தூசி தட்டி என் முன்னால் வைத்து, "பாத்திரத்தைப் போட்டு உருட்டாத. எதுவா இருந்தாலும் இதுல எழுது" என்றார். மின்வாரியத்தில் இருபத்தாறு வருடமாகப் புகார்ப் பதிவேடு எழுதுகிறவர். எழுதிவைத்துவிட்டால் எந்தப் புகாரும் பாதி தீர்ந்துவிடும் என்பது அவர்கள் ஆபீஸ் நம்பிக்கை.

சரி, எழுதுகிறேன். அண்ணன் ஒரு ஆல்பம் போடப் போகிறார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம், அதற்குப் பியானோ, டிரம்ஸ், ஆளுயர வயலினை நிற்க வைத்து விரலால் மீட்டுவார்களே, அதுவும் உண்டு. ஜாஸ் கலந்த ஆல்பம். பெயர் 'நீல ஆரூர்'. நாங்கள் பிறந்தது திருவாரூர், அதனால் ஆரூர் சரி. நீலம் எதற்கு என்று கேட்டேன். ஜாஸ்காரர்களுக்குச் சோகம் என்றால் நீலமாம். திருவாரூரில் இவர் அப்படி என்ன சோகத்தைக் கண்டார் என்று தெரியவில்லை. கமலாலயக் குளத்தில் குதித்து நீந்தியதும், அப்பா கையால் அடி வாங்கியதும்தான் எனக்கு ஞாபகம்.

பெயர் எப்படியோ போகட்டும். "ஒரு சாக்ஸ் போதும்னு சொல்றாங்க அல்லி" என்றார். காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக எல்லா அழைப்பிதழிலும் 'தியாகேசன் – அல்லியங்கோதை, சாக்ஸபோன்' என்றுதான் போடுகிறார்கள். கோயில், கல்யாணம், சபா, துபாயில் ஒரு பொங்கல் விழா, எல்லாவற்றுக்கும் இரண்டு சாக்ஸ் தேவைப்பட்டது. ஆல்பம் என்றதும் ஒன்று போதுமாம்.

ஜூன் 4, செவ்வாய்

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. குக்கர் கைப்பிடி முன்பே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 8, சனி

மெட்ரோ தண்ணீர் லாரி வந்து, குடம் பிடித்து, மாவரைத்து முடித்து உட்கார மணி பதினொன்று. இந்த டைரியைப் பிற்பாடு யாராவது படித்தால் நான் ஏன் குதிக்கிறேன் என்று புரிய வேண்டும். அதனால் விளக்கமாகவே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் வாசிப்பது ஜோடி வாசிப்பு. அப்பா நாகஸ்வரம். அதில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது வழக்கம். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வார். கேட்கிறவருக்கு ஒரே இழையாகக் கேட்கும், யார் எப்போது நிறுத்தினார் என்பதே தெரியாது. தெரிந்தால் அது ஜோடி இல்லை. நாங்கள் சாக்ஸபோனுக்கு வந்தபோது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

அண்ணன் எங்கே மூச்சு விடுவார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இடது தோள் சற்று இறங்கும். அடுத்த நொடி நான் உள்ளே இருப்பேன். மேல் பஞ்சமத்துக்கு ஏறும் பிடிகளில் அவர் வாசல் வரைக்கும் போவார், நின்றுகொள்வார். உள்ளே போய் விளக்கேற்றுவது நான். ஆரம்பத்தில் அப்படி இல்லை. பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை, பேச வேண்டியிருந்ததும் இல்லை. கைதட்டல் அவர் பக்கம் பார்த்துத்தான் வரும். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

ஆனால் ஒன்று. அவர் மூச்சு விடும் இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் எங்கே மூச்சு விடுகிறேன் என்று அவருக்குத் தெரியுமா? ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பாரா?

ஜூன் 11, செவ்வாய்

வளசரவாக்கம் ஸ்டூடியோவில் இன்று ரெக்கார்டிங். எனக்கு அங்கே என்ன வேலை? வீட்டில் போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன். பிறகு சும்மா கொஞ்ச நேரம் கீரவாணி ராகம் வாசித்தேன். அந்த ஆல்பத்தில் பெரிய உருப்படி கீரவாணி என்பதால் இல்லை, என்னவோ வாயில் வந்தது. நிறுத்தியபோது போர்வை காய்ந்து, மறுபடி மழையில் நனைந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

அண்ணன் வந்தார். செல்போனில் கீரவாணியைப் போட்டுக் காட்டினார். இன்னும் சரிசெய்யாத பிரதியாம். பதினோரு நிமிடம்.

மூன்றாவது நிமிடத்தில் எனக்கு வாய் திறந்துவிட்டது. வாசல் வரைக்கும் போகிறார், நிறுத்துகிறார். உள்ளே யாரும் இல்லை. நாலு விநாடி, ஐந்து விநாடி, அந்த ஆளுயர வயலின் மட்டும் டும் டும் என்கிறது. பிறகு கீழே இறங்கி வேறு பிடியை எடுக்கிறார். இப்படி ஆறு இடம். தனியாக வாசிக்கிறோம் என்பதே மனிதருக்கு மறந்திருக்கிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் பக்கத்தில் இருப்பதாகவே நினைத்து நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டு வந்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றார். முகம் சரியில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்றேன். கூப்பிடட்டும், கேட்கட்டும். நானாகப் போய் நிற்க மாட்டேன். மதியம் தி. நகர் போய், சாக்ஸ் வாய்ப்பக்கம் மாட்டுகிற நாணல் சீவல், ரீட், ஒரு பெட்டி வாங்கி வந்தேன். பழையவை தேய்ந்திருந்தன.

ஜூன் 19, புதன்

இன்றைய புகார் பெரியது.

அண்ணன் காலையில் போன் செய்து, ஸ்டூடியோவில் எல்லாரும் உட்கார்ந்து கேட்கப்போகிறோம், நீயும் வா என்றார். போனேன். என் சாக்ஸ் கார் டிக்கியில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

தயாரிப்பாளர் பெயர் கவின். முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன், தலைமுடியைக் குடுமி போட்டிருக்கிறார். ஸ்டூடியோவில் தனித்தனிக் கண்ணாடி அறைகள். பியானோ ஒன்றில், டிரம்ஸ் ஒன்றில், அண்ணன் ஒன்றில். ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழாது. கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. "இதுல வசதி என்னன்னா மேடம், யாரை வேணும்னாலும் தனியா எடுத்துடலாம்" என்று கவின் ஒரு பொத்தானை அழுத்தினார். டிரம்ஸ் காணாமல் போனது. இன்னொன்றை அழுத்தினார், பியானோ போனது. அண்ணன் வரி மட்டும் பச்சையாக ஓடியது. ஆறு இடத்தில் அது வெறும் கோடாகக் கிடந்தது.

இதோ கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கைப்பைக்குள் ரீட் டப்பாவைக்கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பியானோ வாசித்தவர் எட்மண்ட், பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர். அறுபத்தைந்து வயது. ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கு வாசிக்க ஆரம்பித்தவராம். முதல் வெற்றுக் கோடு வந்ததும் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நாப்பது வருசமா வாசிக்கிறேம்மா. எல்லாரும் ரொப்பிக்கினேதான் இருப்பாங்க. உங்க அண்ணன் ஒருத்தர்தான் விடுறாரு. மேல ஏறப் போறாருன்னு நினைக்கிறேன், ஏறாம அப்படியே விட்டுட்டாரு. என் கை தானா நின்னுடுச்சு. இந்த தைரியம் யாருக்கு வரும் சொல்லுங்க."

கவினுக்கும் அதேதான். முதலில் ஏதோ தப்பு என்று நினைத்தாராம், கேட்கக் கேட்க அந்த ஆறு மௌனம்தான் ஆல்பத்தின் உயிர் என்று தோன்றிவிட்டதாம். ஒன்றையும் தொடப்போவதில்லையாம்.

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும்னுதான் விட்டேன்" என்றார்.

இருக்கட்டும் என்றுதான் விட்டாராம்.

அங்கே நான் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் நின்ற இடம். நான் இல்லாத வெற்றிடத்தைக் காட்டி அது இவருடைய தைரியம் என்கிறார்கள், இவர் தலையாட்டுகிறார். அந்தக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தலாம் போல இருந்தது. யார் மைக்கிலும் விழாது. கத்தவில்லை. ஏலக்காய் டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

டிக்கியிலிருந்து சாக்ஸை எடுத்து வீட்டுக்குள் வைத்தேன். ரீட் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

ஆல்பம் ஆகஸ்டில்தான் வருகிறது. கீரவாணியை மட்டும் முன்னோட்டமாக இன்று இணையத்தில் விட்டுவிட்டார்கள். அட்டைப் படத்தில் அண்ணன் பெசன்ட் நகர் கடற்கரையில் அலையைப் பார்த்து நிற்கிறார். அலை கணுக்காலுக்கு வந்தால் ஓடிவருகிற மனிதர்.

மதியத்துக்குள் அறுநூறு பேர் கருத்து எழுதிவிட்டார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். 'வாசிக்காமல் விட்டதில்தான் மேதைமை.' 'அந்த மௌனங்களுக்காகவே கேட்கலாம்.' ஒருவர் ஒவ்வொரு மௌனமும் எந்த நிமிடத்தில் வருகிறது என்று பட்டியலே போட்டிருந்தார். 'ஆறு மௌனங்கள், ஆறு கவிதைகள்.' ஆறும் நான். அந்த ஆளுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

இளங்கோவனிடம் படித்துக் காட்டினேன். முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, "சும்மா இருக்கறதுக்குப் பாராட்டா? எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு விருது கொடுக்கணுமே" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்குப் பெயர் ஒன்றும் வேண்டாம். அது இருந்து என்ன ஆகப்போகிறது. குற்றம் கண்டுபிடிப்பதற்காக மட்டும் அதைப் பதினான்கு தடவை கேட்டேன். மூன்றாவது இடத்தில் எட்மண்ட் இடது கையால் அடியில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். யாரோ வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு நிற்கிற ஒலி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை, அதனால் சாக்ஸை எடுத்து அந்த இடத்தில் மட்டும் வாசித்துப் பார்த்தேன். கீரவாணியைக் கெடுக்காமலே அதற்குள் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் வளைந்து போக வேண்டும். ஜாஸ்காரர்கள் அப்படி ஒன்றும் மோசமில்லை. இதை அண்ணனிடம் சொல்ல மாட்டேன்.

ஜூலை 6, சனி

கவின் போன் செய்தார். வெளியீட்டு விழாவுக்கு உறவினர் எத்தனை பேர், எத்தனை நாற்காலி என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக, "நீங்களும் ஆல்பத்துல இருந்திருக்கலாம் மேடம். நான் ரெண்டு பேரையும்தான் கேட்டேன். சார்தான் உங்களுக்குச் சௌகரியப்படாதுன்னு சொன்னாரு" என்றார்.

நான் ஓஹோ என்றேன். இரண்டு நாற்காலி போதும் என்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து மேடை முழுக்க ஓடியது, அணைக்கத் தோன்றவில்லை.

ஒரு சாக்ஸ் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. இவர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 11, வியாழன்

அம்பத்தூரில் கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. ஆடி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்தங்கள், மண்டபம் நிரம்பி வழிந்தது. தவில் வில்வநாதன். பத்து வருடமாக எங்களுக்கு அவர்தான். காரில் போகும்போது அண்ணன் மழையைப் பற்றிப் பேசினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏழு மணிக்கு அண்ணன் கீரவாணி எடுத்தார். வாசல் வரைக்கும் போனார். தோள் இறங்கியது. நான் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. வில்வநாதன் பதறிப்போய்த் தவிலில் ஒரு சின்ன உருட்டல் போட்டு மூடினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் எதிரே பரிசு கொடுக்க நிற்கிற வரிசையைப் பார்த்தேன். மௌனம்தானே, உலகமே பாராட்டுகிற மௌனம். நன்றாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஆறு தடவை அப்படிச் செய்தேன். சனங்கள் யாரும் கவனிக்கவில்லை, காளான் வறுவல் தீர்ந்துபோகும் என்ற கவலை அவர்களுக்கு. நாலாவது தடவை அண்ணன் தானே மேலே ஏறப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் பிசிறி உடைந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஐந்தாவதையும் ஆறாவதையும் காலியாகவே விட்டேன்.

சந்தோஷமாக இருந்தது என்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். இளங்கோவன் ஆபீஸ் போய்விட்டார். காப்பி கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது.

"கவின் ரெண்டு பேரையும்தான் கேட்டாரு" என்றார்.

"தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஐம்பத்தாறு ஆவுது அல்லி. எல்லாரும் உங்க வாசிப்பு உங்க வாசிப்புங்கறாங்க. அதுல எது என்னுது, எது உன்னுதுன்னு எனக்கே தெரியல. ஒரு தடவையாவது நான் மட்டும் என்ன வாசிக்கிறேன்னு கேக்கணும்போல இருந்துச்சு."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆறு இடத்துல ஒண்ணுமே இல்ல."

எனக்கு ஒரு நிமிடம் மனசு இளகத்தான் செய்தது, பொய் எழுதமாட்டேன். ஆனால் உடனே அந்தச் செருப்பு நுனி ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றுமே இல்லை என்று தெரிந்தபிறகு, இருக்கட்டும் என்றுதான் விட்டேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவ்வளவு பேர் புகழும்போது வாய் வரவில்லை என்று முனகினார்.

இவர் தனியாக எப்படி இருக்கிறார் என்று கேட்டுப்பார்க்க இவருக்கு ஸ்டூடியோ கிடைத்தது, பியானோ கிடைத்தது, அட்டையில் கடல் கிடைத்தது. நான் தனியாக எப்படி இருப்பேன் என்று கேட்டுப்பார்க்க எனக்கு என்ன கிடைத்தது? போர்வை காய்கிற மொட்டைமாடிதான்.

"நான் எங்க மூச்சு விடுறேன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. கொரட்டூர் அம்மன் கோயில் கச்சேரிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கூழ் காய்ச்சி, தெருவில் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு வந்தேன். காய்ச்சல்காரி செய்கிற வேலையா என்று இளங்கோவன் கேட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

வில்வநாதன் போன். அண்ணன் நேற்றுத் தனியாகவே வாசித்தாராம். "நிறுத்துற இடமெல்லாம் நிறுத்திட்டு, இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கறாருங்க. அங்க மைக் ஸ்டாண்டு மட்டும்தான் நின்னுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார்.

ஒரு மாதிரி ஆனால் நான் என்ன செய்வது. நான் என்ன மைக் ஸ்டாண்டா?

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாளை எழும்பூரில் வெளியீட்டு விழா. நான் போகப்போவதில்லை. புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன், எப்படியும் ஒரு நாள் போட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்று போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது வரிசையில் நானும் இளங்கோவனும். நானூறு பேர் இருக்கும். மேடையில் எட்மண்ட், டிரம்ஸ்காரர், ஆளுயர வயலின்காரர், நடுவில் அண்ணன். என்ன சட்டை போடுவது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கறுப்பில் இருந்தார். முதல் இரண்டு உருப்படி வாசித்தார்கள். கீரவாணிக்கு முன்னால் எட்மண்ட் மைக்கை எடுத்தார். சபைக்கு அந்த ஆறு மௌனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "எங்க கத்துக்கினீங்க சார், இப்படி விடறதுக்கு? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்" என்று கேட்டார். சபை கைதட்டியது.

அண்ணன் மைக்கை வாங்கினார்.

"அது நான் விட்டதில்லீங்க. அது என் தங்கச்சி வாசிக்கிற இடம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என்ன அடக்கம் என்று என் பின்னால் ஒரு அம்மா சொன்னார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால்கூட இவருக்குத்தான் கைதட்டலா?

அண்ணன் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஸ்டூடியோவில அன்னைக்கு வேணும்னுதான் விட்டேன்னு சொன்னது பொய். அவ பக்கத்துல இருக்கான்னு நெனச்சு நிறுத்திட்டேன். பன்னெண்டு வருசமா மேல ஏர்றது அவதான். அல்லி, மேல வா" என்றார்.

எட்மண்ட் என்னையே பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டதும் ஓட நான் என்ன வேலைக்காரியா? அப்புறம் எழுந்தேன். இளங்கோவன் அதற்குள் வெளியே போய் என் சாக்ஸோடு வந்துவிட்டார். அது டிக்கிக்குள் எப்படி வந்தது என்று நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ரீட் நுங்கம்பாக்கம் சிக்னலிலிருந்தே வாய்க்குள் நனைந்துகொண்டிருந்தது. ரீட்டை அப்படித்தான் நனைப்பார்கள்.

மேடையில் சாக்ஸுக்கு ஒரே ஒரு மைக். அண்ணன் அதற்கு முன்னாலிருந்து நகர்ந்தார். இடது பக்கம் போய் நின்றுகொண்டார். இருபத்திரண்டு வருடமாக நான் நிற்கிற இடத்தில்.

அப்படியானால் நான்தான் எடுக்க வேண்டும். நானூறு பேர் முன்னால் ஒரு ராகத்தை நான் முதலில் எடுத்தது கிடையாது. ஆனால் கோபம் கையில் இருந்தது, அது போதுமாக இருந்தது. கீரவாணியைக் கீழேயிருந்து எடுத்து வாசல் வரைக்கும் போனேன், நிற்காமல் உள்ளே போனேன். எட்மண்ட் அடியில் அந்தக் கேள்வியை வைத்தார். நான் வளைந்து போய்ப் பதில் சொன்னேன். மனிதர் பியானோவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வழக்கமாக நான் மூச்சு எடுக்கும் இடத்தைத் தாண்டிப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். யாரும் நிறுத்தாத இடத்தில், பிடி பாதி இறங்கியிருக்கும்போது நிறுத்தப்போகிறேன். காலியாகப் போகட்டும், இந்தத் தடவை இவர் வராமல் காலியாகப் போகட்டும், எல்லாரும் கேட்கட்டும் என்று நிறுத்தினேன்.

சத்தம் அறுபடவில்லை. அண்ணன் உள்ளே இருந்தார்.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் வேறு இடத்தில் நிறுத்தினேன். இருந்தார். மூன்றாவது தடவை ஒரே ஸ்வரத்தில் நின்று, இனி தாங்காது என்கிற வரைக்கும் இழுத்துவிட்டு விட்டேன். இருந்தார். நாலாவது தடவை நான் நிறுத்துவதற்கு ஒரு கணம் முன்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையையோ சபையையோ பார்க்கவில்லை, சற்று முன்னால் சாய்ந்து என் வலது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு தீரும்போது அது வெளியே அசையும் போலிருக்கிறது. எனக்கே தெரியாது.

இவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு பிடி தாமதமாகத்தான் மறுபடி உள்ளே வந்தேன். அடுத்த நிமிடமே, தெரிந்துவைத்துக்கொண்டா மனிதர் இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தார் என்று மறுபடி ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

கைதட்டல் எந்தப் பக்கம் பார்த்து வந்தது என்று கவனிக்கவில்லை. இளங்கோவன் கவனித்தாராம். சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வண்டியில் வரும்போது, சரி சொல்லுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கவின் போன் செய்தார். வெளியான ஆல்பத்திலேயே திருத்தம் செய்துவிடலாமாம். நான் ஸ்டூடியோவுக்கு ஒரு மணி நேரம் வந்தால் போதுமாம், அந்த ஆறு இடத்திலும் என் வாசிப்பை ஒட்டிவிட்டு, அட்டையில் பெயரும் சேர்த்துவிடுவார்களாம்.

வேண்டாம் என்றேன். அந்த ஆறு இடமும் அப்படியே காலியாகக் கிடக்கட்டும். நான் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

அப்படியானால் புதிதாக ஒரு ஆல்பம் என்றார். சரி என்றேன். எட்மண்ட் வேண்டும், தவிலும் வேண்டும், வில்வநாதனை விடக்கூடாது. கடற்கரைப் படம் கூடாது. கண்ணாடி அறைகள் வேண்டாம், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிப்போம், எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரே ஒரு மைக் போதும் என்றேன்.

கவின் தயங்கினார். "மேடம், அப்படிப் பண்ணா அப்புறம் உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா பிரிக்கவே முடியாதே."

"அதுக்குத்தான்" என்றேன்.